உங்கள் ஊரின் கருவாட்டுக் களம் வரைபடத்தில் இருக்கிறதா?

கேள்வி: நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவக் கிராமத்துப் பெண். வயது 24. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். கடற்கரை மேலாண்மை தொடர்பான ஒரு மத்திய அரசு ஆய்வுத் திட்டத்தில் மூன்று வருட ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில் சென்னையில் ஒரு தனியார் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனமும் கூப்பிடுகிறது. அங்கே சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் மனம் அரசு வேலையில்தான் இருக்கிறது. ஆனால் என் மாமா, "நாளைக்கு நீயும் நம்ம வீட்டுல நோட்டீஸ் ஒட்ட வருவியா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அரசு நிபுணர் சொல்வதை யாராவது கேட்கிறார்களா? இந்த வேலைக்கு நான் போகலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் அப்புறம் பேசுவோம். மாமாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அரசின் கடற்கரை ஆய்வுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கையில் கருவியோடு எந்தக் குப்பத்தில் இறங்கினாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்வி அது. வீட்டை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவது நிபுணரின் வேலை இல்லைதான். ஆனால் அந்த நோட்டீஸ் எந்தக் கோட்டை வைத்து எழுதப்படுகிறதோ, அந்தக் கோட்டைப் போடுவது நாம்தான். அதனால் "அது வேற டிபார்ட்மெண்ட் மாமா" என்று நழுவ முடியாது.

அந்தக் கோட்டின் கதை உங்களுக்குப் பாடமாகத் தெரிந்திருக்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரியில் வந்தது. பிறகு 2011 ஜனவரியில் ஒன்று, 2019 ஜனவரியில் இப்போது நடப்பில் இருக்கும் ஒன்று. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் ஏறிவரும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை எங்கே எதைக் கட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று அது சொல்கிறது. அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, கடற்புல் வெளி எல்லாம் முதல் வகையில், மிகக் கடுமையான பாதுகாப்பில் வருகின்றன.

ஊர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாத இன்னொரு பகுதியும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. மீனவக் கிராமங்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், படகுத் துறைகள், ஐஸ் ஆலைகள், மீன் காயவைக்கும் இடங்கள் இவற்றையெல்லாம் மாநில அரசின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் தெளிவாகக் குறிக்க வேண்டும். மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் தயாரிக்க வேண்டும். குடிசையை எடு என்று சொல்லும் அதே சட்டம், இந்த இடம் இந்த ஊருடையது என்று எழுதிவைக்கச் சொல்லியும் கட்டளையிடுகிறது. முதல் பாதி மட்டும் சுறுசுறுப்பாக நடக்கிறது. இரண்டாவது பாதி ஏன் பின்தங்குகிறது என்றால், அதைக் குறிக்கத் தெரிந்த ஆட்கள் வரைபடம் போடும் மேசையில் உட்கார்ந்திருப்பதில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். மாநில அளவிலான திட்ட வரைபடம் 1:25,000 அளவில் வரும். அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். உங்கள் ஊரில் வலை பின்னும் கொட்டகை ஐந்து மீட்டர் அகலம் இருக்குமா? அந்தத் தாளில் அது பேனா முனை அளவுகூட வராது. அதற்காகத்தான் உள்ளூர் அளவில் புல எண்களோடு, 1:4,000 வாக்கில் இன்னொரு வரைபடம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதில் உங்கள் கொட்டகை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்ப் பார்த்து, இது வெறும் ஓலைப்பந்தல் இல்லை, முப்பது குடும்பத்தின் தொழிற்கூடம் என்று ஒருவர் எழுதினால்தான் அது தாளில் ஏறும்.

என் அனுபவம் ஒன்று. வட தமிழகக் கரையில் ஒரு ஊர். செயற்கைக்கோள் படத்தில் ஊருக்கும் கடலுக்கும் நடுவே பளிச்சென்று வெள்ளை மணல். வரைவில் "காலி மணல் பரப்பு" என்று எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் பூங்காவும் நடைபாதையும் போட ஒரு திட்டம் வந்தபோது, சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். காலை பதினொரு மணிக்குப் போனேன். உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, தலையில் கூடையோடு வந்த ஒரு பாட்டி, "காலி இல்லம்மா, நேத்து மழை தூறுச்சு, அதான் கருவாட்ட அள்ளிட்டோம். நாளைக்கு வா" என்றார். மறுநாள் போனேன். கால் வைக்க இடமில்லை. நெத்திலி, காரை மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் படங்களையும் ஜி.பி.எஸ். புள்ளிகளையும் வைத்து அறிக்கை எழுதினேன். நடைபாதை வேறு பக்கம் நகர்ந்தது. அந்தப் பாட்டி சொல்லாமல் இருந்திருந்தால் தப்பான வரியில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்ற நினைப்பு இன்றைக்கும் உறுத்துகிறது.

உங்களுக்கு அந்தப் பாட்டி தேவையில்லை. மழைக்கு மறுநாள் களம் காலியாக இருக்கும் என்று உங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். மாமாவிடமும் இதையே சொல்லுங்கள். கோடு எப்படியும் போடப்படும். அதைப் போடும் கைகளில் ஒன்று கருவாட்டுக் களத்தைக் கண்டால் அடையாளம் தெரிந்த கையாக இருக்கட்டும்.

வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், முக்கால்வாசி நேரம் நாள் பார்ப்பதுதான் வேலை. கடல் விஷயத்தில் தப்பான நாளில் எடுத்த சரியான அளவு தப்பான முடிவைத்தான் தரும். ஓர் ஆறு எதுவரை கடலின் செல்வாக்கில் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்கிறோம்? ஆண்டின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை என்று அறிவிக்கை சொல்கிறது. உங்கள் பக்கத்து வெட்டாற்றிலோ கடுவையாற்றிலோ கார்த்திகையில் போய் மாதிரி எடுத்தால், மழை வெள்ளத்தில் முகத்துவாரத்துக்குக் கிட்டேயே நல்ல தண்ணீர் மாதிரி இருக்கும். கோடும் கடலோரம் சுருங்கிவிடும். அதே இடத்தில் வைகாசியில் எடுத்தால் பல கிலோமீட்டர் உள்ளே வரை உப்பு ஏறியிருக்கும். எந்த மாதம் எடுத்த மாதிரி என்ற ஒரே ஒரு தகவல் எத்தனையோ ஏக்கரின் தலையெழுத்தை மாற்றுகிறது. எந்த அறிக்கை கையில் வந்தாலும் முதலில் தேதியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

அலையாத்தியிலும் இதே கதைதான். கன்று நட்ட எண்ணிக்கையைச் சொல்லி விழா நடத்திய ஓர் இடத்துக்கு, இரண்டு வருடம் கழித்துப் போனேன். குச்சிகள்தான் நின்றன. ஓதம், அதாவது கடல் நீர் ஏற்றம், வரும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தோம். தண்ணீர் அந்தத் திடலுக்கு வரவே இல்லை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த மீட்புப் பணியை நீங்கள் படித்திருப்பீர்கள். மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, முதலில் ஓதத் தண்ணீரை உள்ளே கொண்டுவந்தார்கள். தண்ணீர் போய்வந்து மண்ணின் உப்பு குறைந்த பிறகு வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. சுனாமிக்குப் பிறகு சவுக்கு நட்ட கரைகள் சிலவற்றில் பங்குனி ஆமை ஏறி முட்டையிட இடமில்லாமல் போனதும் நடந்திருக்கிறது. நட்டவர்கள் நல்லெண்ணத்தில்தான் நட்டார்கள். இரவில் அந்தக் கரையில் நடந்த ஒருவரைக் கேட்டிருந்தால் இடத்தை மாற்றியிருப்பார்கள்.

இனி கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். உங்களுக்கு மிகவும் வலிக்கப்போவது கம்பெனிக்காரரிடம் முடியாது என்று சொல்லும் நாள் இல்லை, உங்கள் சொந்தக்காரரிடம் அதைச் சொல்லும் நாள்தான்.

கடல் அரிப்பு வந்தவுடன் எல்லா ஊரும் கேட்பது தூண்டில் வளைவு, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவர். கேட்காமல் என்ன செய்வார்கள்? வீட்டு வாசலுக்கு அலை வந்துவிட்டது. ஆனால் நம் கிழக்குக் கரையில் கடல் மணலை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றில் மணல் வடக்கே போகும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்தால் வடக்கேதான் அதிகம் போகிறது. நடுவில் ஒரு கல் சுவர் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் ஊரைத் தின்னும். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வந்த பிறகுதான் மெரினா இத்தனை அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அரிப்பு வந்ததும் அதே சுவரால்தான். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டினார்கள். நகரத்தின் மணற்கரை போனது. கல்லைக் கொட்டி நகரத்தைக் காத்தார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்து தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கம் வந்தது. பல வருடம் கழித்துத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரி நகரக் கரையில் தண்ணீருக்குள் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை வைத்த பிறகு, கொஞ்சம் கரை திரும்ப வந்திருக்கிறது. 1990 முதல் 2018 வரையான படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் பார்த்ததில், நாட்டின் பெருநிலக் கரையில் 33.6 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் தனித்தனியாகக் கல் கேட்டால் இந்தக் கணக்கு அடங்காது.

இதை மாமாவின் ஊர்ப் பஞ்சாயத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். "உங்களுக்குக் கல் போட்டால் வடக்கே இருக்கிற உங்கள் சம்பந்தி ஊர் போய்விடும்" என்று நான் ஒருமுறை சொன்னபோது, ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, சரி, அப்போது என்னதான் வழி என்று கேட்டார். பதிலாக என் கையில் ஒன்றுமே இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்திருக்கும். துறைமுக வாயில் தூர்வாரும் மணலை வடக்கே கொண்டுவந்து கொட்டச் சொல்லிக் கேட்கலாம், இரண்டு ஊரும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று பேசினோம். முடியாது என்று சொல்லப் போகும்போது இன்னொரு வழியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் போகாதீர்கள்.

யாராவது கேட்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நேரம் கேட்பதில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கோப்பு மேலே போகும், வேறு காரணங்கள் வரும், உங்கள் வரி ஓரமாகப் போகும். என்னையும் ஒருமுறை, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு கழிமுகத்தின் வாய் வருடத்தில் எத்தனை மாதம் திறந்திருக்கிறது என்பதைப் பற்றிய வாக்கியம் அது. நான் எடுக்கவில்லை. அறிக்கையை ஏற்கவில்லை, எனக்கு வேறு பிரிவு கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தாள் கோப்பிலேயே கிடந்தது. பல வருடம் கழித்து அந்த இடத்தைப் பற்றிப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு வந்தபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரோ அதை எடுத்திருந்தார்கள். தேதி, நேரம், ஓதத்தின் நிலை, படம் எல்லாம் இருந்ததால் அதை யாராலும் தள்ள முடியவில்லை.

எண்ணூர் விஷயத்தை நீங்களும் செய்திகளில் பார்த்திருக்கலாம். 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்த கழிமுகம், பிறகு புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் இல்லை என்ற சர்ச்சை 2017-ல் வெடித்தது. மீனவர்களும் ஆர்வலர்களும் பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடினார்கள். அந்தப் பழைய தாளைப் போட்ட யாரோ ஒரு நிபுணர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதனால் எழுதப் பழகுங்கள். நம் பிள்ளைகள் நீந்துவதற்கும் மென்பொருளுக்கும் பயிற்சி எடுக்கிறார்கள், கள ஆய்வு அறிக்கைக்கு யாரும் எடுப்பதில்லை. கண்ணால் பார்த்தது ஒரு பத்தி, அளந்தது ஒரு பத்தி, ஊரார் சொன்னது ஒரு பத்தி, நீங்கள் ஊகிப்பது கடைசியில் தனியாக. இவை கலந்துவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் ஊகத்தைப் பிடித்து, அளவையும் சேர்த்துக் கிழித்துவிடுவார். தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் எழுதி ஊராட்சியில் கொடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகக் கொடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தனியார் ஆலோசனை நிறுவனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நேர்மையாக வேலை செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், தொழில் வேகமாகப் படியும். ஆனால் திட்டம் கொண்டுவருபவரே அந்த அறிக்கைக்குப் பணம் தருகிறார் என்பதை மறக்க வேண்டாம். 24 வயதில், கை இன்னும் உறுதிப்படாத காலத்தில், அந்த அழுத்தத்தைத் தாங்குவது கஷ்டம். முதலில் அரசுப் பக்கம் கற்றுக்கொண்டு பிறகு அங்கே போனவர்கள் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்த வேலையில் ஏமாறவும் கூடாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். "அப்புறம் நிரந்தரம் பண்ணிடுவாங்க" என்று யார் சொன்னாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், அந்த நம்பிக்கையில் வயது வரம்பைத் தாண்டிய நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூன்று வருடத்தில் முதல் வருடம் களத்துக்கு, இரண்டாவது வருடத்திலிருந்து தேர்வுக்கும் நேரம் ஒதுக்குங்கள். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி வனப் பாதுகாவலர் ஆகலாம், மீன்வளத் துறைக்கும் போகலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் பார்த்துக்கொள்வது வனத்துறைதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் புவி அறிவியல் அமைச்சகத்தின் நிறுவனங்களிலும் அவ்வப்போது இடம் வரும். இந்திய வனப் பணிக்கு விலங்கியல், தாவரவியல், வேதியியல் மாதிரி குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றாவது இளநிலைப் பட்டத்தில் இருக்க வேண்டும். உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண் சான்றிதழை எடுத்து இன்றைக்கே பாருங்கள், விண்ணப்பத்தின்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

எந்தத் துறைக்குப் போனாலும் மற்றத் துறைகளின் வாசலில் நிற்கப் பழக வேண்டும். மணலில் இருக்கும் ஆமை முட்டை வனத்துறையின் பொறுப்பு. அந்த ஆமை மாட்டிக்கொள்ளும் இழுவலை மீன்வளத் துறையிடம். குஞ்சு வழிதவறிப் போகும் அந்தத் தெருவிளக்கு மாநகராட்சியுடையது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு துறையால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. கூடி நடந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்குப் பாக் விரிகுடா இருக்கிறது. 2022-ல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்னும் கடல்பசுவுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் பணமும் கொடுத்தது. அறுபட்ட வலையின் விலை உங்கள் அப்பாவுக்குத் தெரியும்.

பெண் என்பதால் அம்மா பயப்படுவதாகத் தனியாக எழுதியிருந்தீர்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுப் படகில் கழிப்பறை இருக்காது, இரவு ஆமை நடைக்குப் போகும்போது ஊர் பேசும். இரண்டு பெண்களாகச் சேர்ந்து போகும்படி கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். இன்னொன்று, மீனவக் குடும்பத்துப் பெண் என்றால் நீந்தத் தெரியும் என்று எல்லாரும் நினைப்பார்கள். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது என்பது நமக்குத் தெரியும். தெரியாது என்றால் சேர்வதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் என் பதில். சேர்வதற்கு இன்னும் சில வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு ஊரின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை நடங்கள். ஒரு நோட்டு, கைப்பேசி போதும். படகு ஏற்றும் இடம், கரைவலை இழுக்கும் பாடு, வலை பின்னும் கொட்டகை, அம்மன் கோயில் திடல் என்று ஒவ்வொன்றிலும் நின்று புள்ளி குறியுங்கள். எத்தனை குடும்பம், எந்தெந்த மாதம் என்று மாமா சொல்லச் சொல்ல எழுதுங்கள். பிறகு மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உங்கள் ஊர்த் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, எது இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று அவருக்கே காட்டுங்கள். விடுபட்டதைப் பட்டியலிட்டு ஊர் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மாவட்டக் கடற்கரை மண்டலக் குழு அவருக்குக் கீழேதான் வருகிறது.

கருவாட்டுக் களத்துக்கு மட்டும் அத்தையைக் கூப்பிடுங்கள். அதன் எல்லை மாமாவுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.